டிராக்டர் என்ஜின் கொதிப்பது ஏன்? காரணம் கண்டறியும் எளிய முறைகள்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்குத் தெற்கே உள்ள பனமலையில், குன்றின் மீது ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. குன்றை ஒட்டிப் பெரிய ஏரி ஒன்றும் உண்டு. இந்த வட்டாரத்தில் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நெல்லும் கரும்பும், மானாவாரியில் நிலக்கடலையும் உளுந்தும் பயிராகின்றன. மானாவாரி நிலத்தில் ஒரு மழை பெய்தால் உழவுக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அந்தச் சில நாட்களில் ஊரில் உள்ள எல்லா டிராக்டர்களும் காலை முதல் இருட்டும் வரை ஓடுகின்றன. என்ஜின் கொதித்து வண்டி நடு வயலில் நின்றுபோவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

வண்டி நின்றால் வாடகைக்கு எடுத்த விவசாயிக்கு ஈரம் போகிறது, பட்டம் தவறுகிறது. வண்டியின் சொந்தக்காரருக்கு நஷ்டம் அதைவிடப் பெரிது. அளவுக்கு மீறிச் சூடேறிய என்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஹெட் காஸ்கெட் எரிந்துவிடும். கடைசியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொள்ளும். பிறகு என்ஜினை முழுவதும் பிரித்து வேலை செய்ய வேண்டியதுதான். கடனில் வாங்கிய வண்டியானால் தவணை கட்டவும் வழியில்லாமல் போகும்.

இத்தனை பெரிய செலவுக்குக் காரணமாக அமைவது பல சமயங்களில் மிகச் சிறிய குறையே. ரேடியேட்டரில் அடைத்த தூசு, தொய்ந்த ஃபேன் பெல்ட், ரப்பர் கெட்ட மூடி, கசியும் ஹோஸ் குழாய் ஆகியவையே அவை. ஆகவே என்ஜின் கொதித்தால் மெக்கானிக்கை வைத்து உடனே பிரிக்கத் தொடங்கக்கூடாது. செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவுள்ள சோதனைக்கு வரிசையாகப் போக வேண்டும்.

சூடு எங்கே போகிறது?

என்ஜினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உழைக்கும் சக்தியாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதி வெப்பம் என்ஜினின் இரும்பில் ஏறுகிறது. அதை அப்புறப்படுத்தவே சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. வாட்டர் பம்ப் இந்தத் தண்ணீரைத் தள்ளுகிறது. சூடான நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, விசிறி இழுக்கும் காற்றால் ஆறி, கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் என்ஜினுக்குப் போகிறது.

இந்தப் பாதையின் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது மூடியிருக்கும். நீர் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு சூடானதும் திறக்கத் தொடங்கி, சுமார் 95 டிகிரியில் முழுவதும் திறக்கும். வண்டிக்கு வண்டி இந்த அளவு சற்று மாறும். பெரும்பாலான டிராக்டர் என்ஜின்கள் 80 முதல் 95 டிகிரி வரையிலான சூட்டில்தான் நன்றாக உழைக்கும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அழுத்தம் தாங்கும் மூடிக்குள் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் கெட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

முள் சிவப்புக்குப் போனால்

முதலில் சுமையைக் குறைக்க வேண்டும். கலப்பையைத் தூக்கி, பி.டி.ஓ.வைத் துண்டித்து, வண்டியை நிறுத்தி, என்ஜினை மெதுவான வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். நீர் சுற்றிக்கொண்டிருப்பதால் முள் தானே இறங்கும். ஆனால் ஹோஸ் வெடித்தோ, பெல்ட் அறுந்தோ, நீர் பீறிட்டு வெளியேறியோ இருந்தால் என்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும். நீர் சுற்றாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கேடு.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தவுடன் அழுத்தம் விடுபட்டு, 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீர் ஒரே நொடியில் நீராவியாகி முகத்திலும் மார்பிலும் அடிக்கும். கண் பறிபோகும் ஆபத்தும் உண்டு. குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸை நசுக்கிப் பார்த்து, அது தளர்ந்த பிறகே மூடியைத் தொட வேண்டும். அப்போதும் கனத்த சாக்கை மடித்து மேலே போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் நிலை வரை மட்டும் திருப்பி, ஆவி முழுவதும் அடங்கிய பிறகு எடுக்க வேண்டும்.

அவசரப்பட்டு வாய்க்கால் தண்ணீரை மொண்டு என்ஜின் மேல் ஊற்றுவதும், கொதிக்கும் ரேடியேட்டரில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. காய்ந்த வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் பிளந்துவிடும். என்ஜின் ஆறிய பிறகு, அதை மெதுவாக ஓடவிட்டு, சிறிது சிறிதாக நீர் ஊற்ற வேண்டும்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யலாம்.

1. நீர் அளவு: ரேடியேட்டர் வாயிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீழே வரை நீர் இருக்க வேண்டும். தனி டப்பா பொருத்திய வண்டிகளில் டப்பாவில் உள்ள கோட்டைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விட்டுவிடாமல் ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். ஹோஸ் இணைப்பு, ரேடியேட்டரின் அடிப்பாகம், வடிகுழாய், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துவாரம் ஆகிய இடங்களில் ஈரமோ வெள்ளை உப்புப் படிவோ தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும்.

2. ரேடியேட்டரின் வெளிப்புறம்: நெல், உளுந்து, நிலக்கடலை அடிக்கும் இயந்திரத்தோடு டிராக்டரை இணைத்து ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டும்போது உமியும் தழைத் தூசும் ரேடியேட்டர் மீது போர்வை போல் படிகின்றன. முன் வலையைக் கழற்றி, பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால் அடைப்புத் தெரியும். விசிறி இருக்கும் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றையோ நீரையோ செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளே போய் இறுகும். வேகமாக நீரைப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கதிரடிக்கும்போது தூசு டிராக்டருக்கு எதிர்ப்புறம் போகும்படி காற்றுத் திசை பார்த்து வண்டியை நிறுத்தினால் பாதித் தொல்லை குறையும்.

3. ஃபேன் பெல்ட்: என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் சரி. அதற்கு மேல் அமுங்கினால் பெல்ட் வழுக்கும். விசிறியும் வாட்டர் பம்பும் வேகம் குறையும். மிகவும் இறுக்கினாலோ பம்பின் பேரிங் தேயும். வெடிப்பு விட்ட பெல்ட்டையும் எண்ணெய் ஊறிய பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும். உழவு நாட்களில் ஒரு புதிய பெல்ட்டைக் கருவிப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

4. மூடி: ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றும்போது அந்த வண்டிக்கு உரிய அழுத்தம் குறித்த மூடியையே வாங்க வேண்டும். மூடி தொலைந்தால் கந்தல் துணியைத் திணித்து ஓட்டும் பழக்கம் என்ஜினுக்கு எமன்.

5. ஹோஸ் குழாய்கள்: உப்பியோ, வெடித்தோ, விரலால் அழுத்தினால் கொழகொழவென்றோ இருந்தால் மாற்ற வேண்டும். சில வண்டிகளின் கீழ் ஹோஸினுள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது துருப்பிடித்துப் போனால், என்ஜின் வேகமெடுக்கும்போது ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகி நீரோட்டம் நின்றுவிடும். நிறுத்திய வண்டியில் இந்தக் குறை தெரியாது. வேகத்தைக் கூட்டி, விசிறியிலிருந்து விலகி நின்று கவனித்தால்தான் தெரியும்.

6. தெர்மோஸ்டாட்: முள் மேலே போயிருக்கும்போது, ரேடியேட்டர் மட்டும் சூடேறாமல் இருந்தால் வால்வு திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். என்ஜின் ஆறிய பிறகு அதைக் கழற்றி, ஒரு நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் காய்ச்ச வேண்டும். நீர் கொதிக்கும்போது வால்வு நன்கு திறந்திருக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். திறக்காததும் மூடாததும் கெட்டவையே.

7. வாட்டர் பம்ப்: என்ஜின் நின்றிருக்கும்போது விசிறியின் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். விசிறி பம்ப் தண்டிலேயே பொருத்தப்பட்ட வண்டிகளில், ஆட்டம் அதிகம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அடித்துவாரத்தில் நீர் சொட்டினால் சீல் போய்விட்டது.

8. உட்புறப் படிவு: மேற்கண்டவை எல்லாம் சரியாக இருந்தும் கடும் உழைப்பில் மட்டும் கொதித்தால் உப்புப் படிவை நினைக்க வேண்டும். கிணற்று உப்பு நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் கெட்டிலில் படிவது போல் உள்ளே சுண்ணாம்பு படிந்து, இரும்பின் சூடு நீருக்குப் போகாமல் தடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ரேடியேட்டரில், என்ஜின் ஆறத் தொடங்கியதும், ஒரு பகுதி சூடாகவும் இன்னொரு பகுதி குளிர்ந்தும் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. இதைக் கடையில் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். சலவைச் சோடாவையோ ஆசிட்டையோ கண்டபடி ஊற்றக்கூடாது. அலுமினியப் பாகங்களை அவை அரித்துவிடும்.

9. ஹெட் காஸ்கெட்: குளிர்ந்த என்ஜினின் ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீரில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், சிலிண்டரின் வாயு நீரில் கலக்கிறது என்று பொருள். புதிதாக நீர் நிரப்பியதும் சிறிது நேரம் வரும் காற்றுக் குமிழிகளை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. ஆயில் அளவுகோலில் ஆயில் பால் கலந்த காபி போல் தெரிந்தாலும், வெளியே கசிவே இல்லாமல் நீர் குறைந்துகொண்டே போனாலும் காஸ்கெட்டையோ பிளந்த ஹெட்டையோ சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. இது மட்டுமே மெக்கானிக் என்ஜினைத் திறக்க வேண்டிய நோய்.

நீர்ப் பாதையில் ஒரு குறையும் இல்லாமலும் சூடு ஏறலாம். வண்டியின் திறனுக்கு மீறிய கருவியை இழுப்பது, கனத்த உழவில் உயர்ந்த கியரில் ஓட்டுவது, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, என்ஜின் ஆயில் குறைவது, காற்று வடிகட்டி அடைத்துக் கரும்புகை வருவது, டீசல் பாய்ச்சும் நேரம் தவறியிருப்பது ஆகியவையும் காரணங்களே.

எப்போது கொதிக்கிறது என்பதே பாதி விடை

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே சூடேறினால் நீர்க் குறைவு, அறுந்த பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட் அல்லது ஹெட் காஸ்கெட் காரணமாக இருக்கும். உழவில் மட்டும் சூடேறி, சும்மா ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் அடைப்பு, உப்புப் படிவு அல்லது அதிகச் சுமை. கதிரடிக்கும்போது மட்டும் ஏறினால் முதலில் தூசைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் 'வண்டி கொதிக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலையில், எத்தனை நேரத்தில் கொதித்தது என்று சொன்னால் வீண் செலவு குறையும்.

முள்ளும் பொய் சொல்லும்

முள் கீழே இருப்பதால் மட்டும் என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நம்பக்கூடாது. சூட்டை உணரும் முனை நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் வடிந்து முனை வெளியே தெரிந்துவிட்டால், என்ஜின் தீய்ந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிவிடும். ஏறிய முள் காரணமின்றித் திடீரென விழுந்தால் உடனே வண்டியை நிறுத்துவதே அறிவு. உணர் முனையின் ஒயர் கழன்றாலும் பழைய வகை மீட்டர்களில் முள் அசையாமல் கிடக்கும். பெயிண்டு காயும் வாசனை, என்ஜின் இழுவை குறைவது, புதிதாகக் கேட்கும் தட்டல் சத்தம் ஆகியவற்றை மூக்கும் காதும் அறிவதற்குப் பழக வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

'நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பல ஊர்களில் வழக்கம். இது தவறு. என்ஜின் அளவுக்குக் குறைந்த சூட்டில் ஓடினால் டீசல் முழுவதும் எரிவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. லைனரும் ரிங்கும் விரைவில் தேய்கின்றன. டீசல் செலவும் கூடுகிறது. ஓட்டத் தொடங்கி நெடுநேரம் ஆகியும் முள் பச்சைப் பகுதிக்கு வராவிட்டால், அதுவும் ஒரு நோயே. தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆயில் என்ஜின் வைத்திருப்போர் கவனத்துக்கு

கிணற்றில் டீசல் பம்ப் செட் வைத்திருப்போருக்கும் இதே பாடம் பொருந்தும். பம்ப் இறைக்கும் நீரில் ஒரு பகுதியைச் சிறு குழாய் வழியாக என்ஜினுக்கு அனுப்பும் முறையில், வால்வை முழுவதும் திறந்து என்ஜினைச் சில்லென்று வைத்திருப்பதையே பலர் விரும்புகின்றனர். இது டீசலை வீணாக்கும். வெளியேறும் நீர் சுமார் 60 டிகிரி, அதாவது விரலைச் சட்டென எடுக்கும் சூட்டில் இருக்கும்படி வால்வைத் திருத்த வேண்டும்.

டிரம் நீரால் குளிரும் என்ஜினில் பம்ப் இல்லை. சூடான நீர் தானே மேலெழும், ஆறிய நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியால் நீர் சுற்றுகிறது. 1917-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ஃபோர்ட்சன் டிராக்டரும் இந்த முறையில்தான் குளிர்ந்தது. டிரம்மில் மேல் குழாயின் வாய் எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். வாய் வெளியே தெரிந்தால் சுற்றோட்டம் நின்று என்ஜின் கொதிக்கும்.

பவர் டில்லர்கள் சிலவற்றில் உள்ள ஹாப்பர் வகை என்ஜினில் நீர் கொதித்து ஆவியாவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மிதவை இறங்கும்போது நீர் ஊற்றினால் போதும்.

எந்த நீர் நல்லது?

உப்புக் கிணற்று நீரும், கலங்கிய ஏரி நீரும் ஆகாது. சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வடிகட்டிய மழைநீர் நல்லது. கையேட்டில் கூலன்ட் சொல்லப்பட்டிருந்தால் அதையே சொன்ன விகிதத்தில் ஊற்ற வேண்டும். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். நேரடியாக ஊற்றும் வகையில் தண்ணீர் கலக்கக்கூடாது. ஒன்று முக்கியம்: கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம். கழித்த கூலன்ட்டை வாய்க்காலிலோ தொட்டியிலோ கொட்டினால் ஆடு, மாடு, நாய் குடித்துச் சாகும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

பழைய டிராக்டர் வாங்கப் போகும் சிறு விவசாயி, விற்பவர் முன்கூட்டியே என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைக்காத வேளையில் போக வேண்டும். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, நீர் துரு நிறமாக இருக்கிறதா, எண்ணெய் மிதக்கிறதா, ஸ்டார்ட் செய்ததும் குமிழி நிற்காமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கலப்பையோடு அரை மணி நேரம் உழுது முள்ளைக் கவனிக்க வேண்டும். விற்பவர் இதற்கு இசையாவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

தினமும் காலையில் நீர், ஆயில், பெல்ட், ரேடியேட்டர் வலை ஆகிய நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மாட்டைக் கட்டி உழுத நாளில், ஏர் பூட்டுமுன் அதன் கண்ணையும் குளம்பையும் பார்க்காத உழவர் இல்லை. என்ஜினுக்கும் அந்தப் பார்வை கிடைத்தால், ஈரம் காயுமுன் உழவு முடியும். என்ஜினும் பல ஆண்டுகள் உழைக்கும்.